ஃப்ரிபூர்க்கில் ஒரு குடைக் கதை

ஞாயிறு, காலை

சூரிச் விமான நிலையத்தில் ரயிலைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினால் நடைமேடை வந்துவிடுகிறது. பெர்ன் வழியாக ஃப்ரிபூர்க்குக்கு நேர் ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். பயணச்சீட்டு எழுபது பிராங்கை ஒட்டி வந்தது. அதை ரூபாயாக மாற்றிப் பார்க்கக் கிளம்பிய மனதை அதட்டி உட்கார வைத்தேன். வந்த வேலை வேறு.

நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியை. இலக்கியம் படித்து இந்த மொழிக்கு வந்தவள் இல்லை. மெக்சிகோவிலிருந்து வரும் விலைப்பட்டியல்களைச் சரிபார்க்கும் ஒரு சென்னை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதற்காக ஸ்பானிஷ் கற்றேன். விலைப்பட்டியல்கள் சலித்தபோது கதைகள் படிக்க ஆரம்பித்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு "என் பெயர் இது, என் ஊர் இது, எனக்கு மாம்பழம் பிடிக்கும்" என்று சொல்லிக்கொடுத்துக் காலம் ஓடியது. இந்த ஜூன் முதல் எங்கள் பள்ளியின் மேல்நிலை வகுப்பில் ஸ்பானிய இலக்கியமே ஒரு பாடம். ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். நடத்த வேண்டியது நான்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மேல்நிலை ஸ்பானிய இலக்கியம் நடத்தப் பயிற்சி தரும் ஒரு வார முகாம் மே மாதத்தில் ஃப்ரிபூர்க்கில் நடக்கிறது என்று தெரிந்து விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. எங்கள் முதல்வர் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லபடியா போயிட்டு வாங்க. வரும்போது ரெண்டு வருஷத்துக்கும் முழு நோட்ஸ் கையில இருக்கணும். பேரண்ட்ஸ்கிட்ட சொல்லியாச்சு" என்றார்.

சூரிச் மத்திய நிலையத்தில் ஏறிய ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். வீட்டுக்குத் தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"தங்கச்சி இந்தியாவோ?"

"ஆமாங்க. கோயம்புத்தூர்."

யாழ்ப்பாணத்துக்காரர். ஃப்ரிபூர்க்கில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன்.

"ஸ்பானிஷுக்கு ஸ்பெயினுக்கல்லோ போகோணும்? இஞ்சை பிரெஞ்சும் ஜெர்மனும்தானே!"

"மொழி படிக்க இல்லைங்க அண்ணா. அந்த இலக்கியத்தைப் பள்ளிக்கூடத்துல எப்படி நடத்தறதுன்னு படிக்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சற்று யோசித்தார். "அப்ப இஞ்சைதான் சரி. இந்த நாட்டில எல்லாரும் மற்றவையின்ர பாஷையைத்தான் படிச்சுக்கொண்டு இருக்கினம்."

பெர்ன் வரை ரயில் அறிவிப்பு முதலில் ஜெர்மனில் வந்தது. பெர்னைத் தாண்டியதும் பிரெஞ்சு முன்னால் வந்து ஜெர்மன் பின்னால் போய்விட்டது. ரயில்காரர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பச்சை வயல், மஞ்சள் கடுகுப் பூ, மழைக்கு முன்னான சாம்பல் வானம் எல்லாம் பின்னால் ஓடின. நிலையத்துப் பலகையில் ஊர்ப் பெயர் இரண்டு மொழியிலும் இருந்தது. அண்ணன் என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "சரி, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃப்ரிபூர்க் ஒரு நகரம் இல்லை, இரண்டு. ரயில் நிலையம், கடைகள், பல்கலைக்கழகம், கதீட்ரல் எல்லாம் மேலே இருக்கின்றன. செங்குத்தான பாறைச் சரிவுக்குக் கீழே, ஆறு வளைந்து ஓடும் இடத்தில், பழைய நகரம். ஆற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் சரீன் என்கிறார்கள், ஜெர்மன்காரர்கள் ஸானே என்கிறார்கள். ஒரு கரையில் பிரெஞ்சு அதிகம், மறுகரையைத் தாண்டினால் ஜெர்மன். எனக்குத் தங்குமிடம் கீழ்நகரத்தில், ஒரு பழைய மடத்தின் விருந்தினர் விடுதி. வெள்ளைச் சுவர், இரும்புக் கட்டில், சுத்தமான கம்பளி. ஜன்னலைத் திறந்தால் ஆற்றுச் சத்தம்.

திங்கள்

பயிற்சி மேல்நகரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. பல நாட்டு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பயிற்சியாளர் மார்த்தா, உருகுவே நாட்டு மொந்தெவிதேயோவில் பிறந்து இருபது வருடமாக இங்கே வாழ்பவர். குட்டையான உருவம், கரகரத்த குரல். அவர் பேசும்போது கையில் இருக்கும் சுண்ணக்கட்டி எந்த நேரமும் பறந்துவிடும் போலிருக்கும்.

முதல் மணி நேரம் பக்கத்து நாற்காலிப் பெண்ணோடு ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருந்தேன். சுருள்முடி, என் வயதுதான் இருக்கும். பேச்சில் ஸ்பெயின் வாடை வீசியது. இடைவேளையில்தான் அவள் கழுத்து அட்டையில் 'தர்ஷினி' என்ற பெயரைப் பார்த்தேன். அவளும் அதே நொடியில் என் பெயரைப் பார்த்தாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஐயோ, ஆமாங்க! இவ்வளவு நேரமா என்ன பண்ணிட்டிருந்தோம்!"

இருவரும் காப்பியைக் கொட்டிக்கொள்ளாத குறை. தர்ஷினி இந்த நாட்டிலேயே, பாடனில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இங்கே பல்கலைக்கழகம் போக விரும்பும் பிள்ளைகள் படிக்கும் ஜிம்னாசியத்தில் ஆளுக்கு ஒரு முதன்மைப் பாடம் எடுக்க வேண்டும். தர்ஷினி தன் பள்ளி நாளில் எடுத்தது ஸ்பானிஷ். "கூட்டாளியள் எல்லாரும் எடுத்தவை, நானும் எடுத்தன். அப்பா பொருளாதாரம் எடுக்கச் சொன்னவர். ரெண்டு மாசம் என்னோட கதைக்கேல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது அதே மாதிரி ஒரு ஜிம்னாசியத்தில் ஆசிரியை. அங்கே தொடக்க வகுப்புகள் மட்டும் அவளுக்கு. கடைசி இரண்டு ஆண்டுகளின் இலக்கிய வகுப்பு இதுவரை கொடுக்கப்படவில்லை.

மதியம் மார்த்தா எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு இணையும் உண்மையான மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். தர்ஷினியும் நானும் ஒரு இணை. பாடம் நடத்த ஒரு சொனெட் கவிதையோ பழைய நாடகமோ தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தந்தது அவரே எழுதிய இரண்டு பக்கக் கதை.

"இதற்கு இணையத்தில் விளக்கம் கிடையாது" என்றார். "உங்களுக்கும் கிடைக்காது, மாணவர்களுக்கும் கிடைக்காது. எல்லோரும் வெறுங்கையோடு உள்ளே போகலாம்."

கதை இதுதான். ஒரு துறைமுக ஊரில் விடுதி நடத்தும் ஒரு பெண். அவள் வீட்டு மாடியில் பல வருடமாக வாடகைக்கு இருக்கும் ஒரு கப்பல் அலுவலகக் குமாஸ்தா. இருவரும் ஒருவரை ஒருவர் மரியாதையாக, 'உஸ்தெத்' என்றே, அதாவது நம் 'நீங்கள்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது. பெட்டி கட்டுகிறார், கணக்குத் தீர்க்கிறார், கை குலுக்குகிறார். வாசலைத் தாண்டும்போது அவள் சொல்கிறாள்: "குடையை மறந்துவிட்டாய்." கதை அங்கே முடிந்துவிடுகிறது.

அந்தக் கடைசி வரியில் வினைச்சொல் மாறிவிடுகிறது. மரியாதையாகச் சொன்னால் 'ஸெ ஒல்விதா' என்று வரவேண்டும். அவள் சொல்வது 'தெ ஒல்விதாஸ்', அழுத்தம் கடைசி அசையில், எழுதும்போது அதன்மேல் ஒரு குறியும் வரும். மார்த்தாவின் ஊரில் நெருங்கியவர்களுக்கு மட்டும் பேசும் 'வோஸ்' என்ற வடிவம் அது. இத்தனை வருடம் வாயில் வராதது ஒரே ஒரு வினைவிகுதியில் வந்துவிடுகிறது.

 இதை நடத்துவதா கஷ்டம் என்று நினைத்தேன்.

செவ்வாய்

சக ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார, ஒத்திகை. நான் முந்தின நாள் மாலை முழுக்கத் தயார் செய்திருந்தேன். துறைமுக ஊர்களின் வரலாறு, விடுதிகளின் சமூகப் பின்னணி, வோஸ் என்ற சொல்லின் பிறப்பு வளர்ப்பு, கடைசி வரியின் நயம். எங்கள் ஊரில் நல்ல ஆசிரியருக்கு அடையாளம் மூச்சு விடாமல் பேசுவது. நான் நல்ல ஆசிரியை. தர்ஷினி இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் நான் முந்திக்கொண்டேன்.

முடிந்ததும் மார்த்தா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அருமையாகப் படித்திருக்கிறீர்கள். அதனால் இனி மாணவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பதிலாக நீங்களே படித்து முடித்துவிட்டீர்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. வெளியே தாழ்வாரத்தில் தர்ஷினி என் அருகே வந்தாள்.

"நீர் கனக்கக் கதைக்கிறீர்" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதிகம் பேசுகிறேன் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த 'நீர்'தான் தைத்தது. நான் வளர்ந்தது பால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் 'வாங்க, போங்க' என்று அழைக்கும் ஊர். நீர் என்ற சொல்லை நாடக மேடையில், ராஜா குற்றவாளியைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேற்று வரை 'நீங்கள்' என்றவள், ஒத்திகை சொதப்பியதும் என்னைக் கீழே இறக்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அன்று மாலை தனியாகச் சுற்றினேன். கதீட்ரலுக்குக் கீழே ஒரு சின்னக் கடையில் காப்பி நாலரை பிராங்க். இந்தப் பகுதியின் பேர்பெற்ற மெரிங்கும் கெட்டிக் கிரீமும் சாப்பிட்டுப் பார்த்தேன். வாயில் வைத்ததும் கரைந்து போகும் வெள்ளைச் சர்க்கரை ஓடு, மேலே வெண்ணெய் போன்ற பாலாடை. நல்ல மனநிலையில் சாப்பிட்டிருந்தால் இன்னும் ருசித்திருக்கும். காலையில் மார்த்தாவிடம் இணையை மாற்றித் தரச் சொல்லலாமா என்று யோசித்தபடியே விடுதிக்கு நடந்தேன்.

புதன்

நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. காலை வகுப்பில் தர்ஷினியிடம் தேவைக்கு மட்டும், அதுவும் ஸ்பானிஷில் பேசினேன். அவள் கவனித்துவிட்டாள். மதிய இடைவேளையில், "வாரும், கீழ போய்ச் சாப்பிடுவம்" என்று இழுத்துப் போனாள். வாரும்! அதே ராஜ பாஷை.

மேல்நகரத்திலிருந்து கீழே போக ஒரு கயிற்று ரயில் இருக்கிறது. மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. மேல்நகரத்து வீடுகளின் கழிவுநீரை மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நிரப்புகிறார்கள். அந்தக் கனத்தில் அது இறங்க, கீழே நிற்கும் பெட்டி ஏறுகிறது. கட்டணம் மூன்று பிராங்க் அளவில். மர இருக்கை, பச்சை வண்ணம், ஜன்னலில் நகரமே சாய்ந்து தெரியும். வாசனை மட்டும் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. நான் மூக்கைச் சுருக்கியதைப் பார்த்து ஓட்டுநர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். தர்ஷினி மொழிபெயர்த்தாள்: "மேல இருக்கிற பணக்காரர் அனுப்புற சென்ட்டாம்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் முறைத்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

"நேற்றில இருந்து நீர் என்னோட கதைக்கேல்லை. கோவமோ?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். "உங்களைவிட நான் ஒண்ணும் சின்னவ இல்லைங்க. தப்பு பண்ணினேன், சரி. அதுக்காக நீர்னு சொல்லணுமா?"

 பெட்டி கீழே வந்து நின்றும் அவள் எழுந்திருக்கவில்லை.

"ஐயோ, உமக்கு... அதுதானோ? நீர் எண்டது மரியாதைக் குறைவில்லை! அம்மா அப்பாவுக்கு, தெரியாத ஆக்களுக்கு நீங்கள். தம்பிக்கு நீ. கூட்டாளிக்குத்தான் நீர். திங்கக்கிழமை உம்மைத் தெரியாது, நீங்கள் எண்டு சொன்னன். நேற்று..." கைகளை விரித்தாள். "நேற்று ரெண்டு பேரும் சேர்ந்து பேச்சு வாங்கினம். அதுக்குப் பிறகு நீங்கள் எண்டு வாயில வரேல்லை."

மேலே போக வேண்டியவர்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். இறங்கினோம். ஆற்றோரப் பெஞ்சு வரைக்கும் நடந்தோம். அவள் என்னை ஒரு படி கீழே இறக்கியதாக நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அவளோ நான் நின்ற படிக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தர்ஷினி, இதுதானே அந்தக் கதை?" என்றேன்.

"எது?"

"குடை."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஓம்!" என்று கத்தினாள். ஆற்றில் நின்ற வாத்துகள் விலகிப் போயின. "அதைப் படிச்சு ரெண்டு நாளாச்சு. நேற்று நீரே மேடையில நிண்டு விளக்கமெல்லாம் குடுத்தீர்!"

ஆமாம். வோஸின் பிறப்பு வளர்ப்பு வரைக்கும் கொடுத்தேன்.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பெஞ்சிலேயே சாப்பிட்டோம். அப்போதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். அவள் பள்ளியில் ஸ்பானிஷ் பிரிவுத் தலைவர் இஞ்ஞாசியோ, ஸ்பெயினில் பிறந்தவர். இலக்கிய வகுப்பை அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவர்தான் நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டு தடவை கேட்டும் கிடைக்கவில்லை. இந்த முறை, வெள்ளிக்கிழமைப் பாடத்தை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டுப் பள்ளித் தலைமைக்கு எழுதுவாராம்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா நீர் இன்னும் கூடப் படிச்சுக்கொண்டு வந்திருப்பீர்."



வியாழன்

பகல் முழுக்க மழைத் தூறல். கீழ்நகரத்துக் கடைசியில் கூரை போட்ட ஒரு பழைய மரப்பாலம் இருக்கிறது. கார் போனால் பலகைகள் கடகடவென்று பேசும். அதன் நடைபாதையில் நின்று பாடத்தை வெட்டினோம். துறைமுகம் போயிற்று, விடுதி வரலாறு போயிற்று, வோஸின் வம்ச விருட்சம் போயிற்று. ஒவ்வொன்றையும் விடும்போது எனக்கு மனசே இல்லை. தர்ஷினி விட்டுத் தரவில்லை.

கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: நான் கதையை உரக்க வாசிப்பேன். அவள் ஒரு கேள்வி கேட்பாள். பிறகு இருவரும் காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம்?"

"ஆராவது கதைக்கும்வரைக்கும்."

"யாருமே பேசலைன்னா?"

"கதைப்பினம். நீர் முந்தாமல் இருந்தால்."

மார்த்தாவிடம் காட்டினோம். ஒற்றைத்தாளைத் திருப்பிப் பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். "பயமாக இருக்கிறதா?" என்றார். ஆமாம் என்றோம். "நல்லது" என்று போய்விட்டார்.

வெள்ளி

பதினேழு வயதுப் பிள்ளைகள், ஒரு வகுப்பு நிறைய. பாதிப் பேர் வீட்டில் பிரெஞ்சு, மீதியில் ஜெர்மன், போர்த்துகீசியம், அல்பேனியம் எல்லாம் கலந்து. முன் வரிசையில் நோயெமி என்ற பெண் சாம்பல் நிறக் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டே இருந்தாள். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. கடைசி வரிசையில் மார்த்தா. அவர் பக்கத்தில் சாம்பல் மீசையும் திறந்த பேனாவுமாக இஞ்ஞாசியோ.

ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டுக் கதையை வாசித்தேன்.  கடைசி வரியை வாசித்துவிட்டுத் தாளை வைத்துவிட்டு, சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

தர்ஷினி கேட்டாள்: "வாசிக்கும்போது எந்த இடத்திலாவது தடுக்கி நின்றீர்களா?"

யாரும் பேசவில்லை. வெளியே கதீட்ரல் மணி அடித்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நோயெமியின் ஊசிகள் மட்டும் டிக் டிக் என்றன. என் நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கைகளைக் கட்டினால்தான் என் வாய் கட்டுப்படும். கடைசி வரிசையில் இஞ்ஞாசியோ எதையோ எழுதினார். தர்ஷினி அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் அவள் அசையவில்லை.

கடைசியில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "கடைசி வரியில் அச்சுப்பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். அழுத்தக் குறி வேண்டாத இடத்தில் இருக்கிறது."

மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றாள் தர்ஷினி. "பிழையென்றால் திருத்திப் பாருங்கள்."

எல்லோரும் திருத்தினார்கள். திருத்திவிட்டு ஒரு பெண் சொன்னாள்: "திருத்தினாலும் 'நீ' என்றுதான் வருகிறது. 'நீங்கள்' என்று வரவில்லையே."

"இவர்கள் இருவரும் எப்போதும் 'நீங்கள்' தானே?" என்றான் இன்னொருவன்.

"ஆமாம். இங்கே மட்டும்தான்..."

பின்வரிசையில் யாரோ "ஓ லா லா" என்றார்கள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர்களை நிறுத்துவதுதான் வேலையாகிவிட்டது. தன் அப்பா வேலை செய்யும் பட்டறையில் முதலாளி ஒரு நாள் அவருக்குப் பியர் ஊற்றிக் கொடுத்து "இனி நமக்குள் 'நீ'தான்" என்று சொன்னதை ஒருவன் சொன்னான். காதலைச் சொல்ல இதைவிடக் கோழைத்தனமான வழி இல்லை என்றாள் ஒருத்தி. இதைவிடத் தைரியமான வழி இல்லை என்றாள் இன்னொருத்தி.

அப்போது நோயெமி பின்னலை மடியில் வைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆனால் அவர் ஏன் குடையை மறந்தார்? மழை பெய்துகொண்டிருக்கிறது என்று முதல் பத்தியில் இருக்கிறது. மழைக்குள் போகிறவர் குடையை மறப்பாரா?"

தாளை எடுத்துப் பார்த்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஐந்து நாளாக அந்தக் கதையோடு வாழ்ந்தேன். அந்த மழை என் கண்ணில் படவே இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

ஒரு வகுப்பறையில் ஆசிரியையாக அந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு அதுவே முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. நோயெமி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார் என்று பாதி வகுப்பு. அவ்வளவு தந்திரக்காரர் இத்தனை வருடம் சும்மா இருந்திருப்பாரா என்று மீதி வகுப்பு. மணி அடித்தும் வாசல் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

மார்த்தா எங்களிடம் வந்து காதோடு சொன்னார்: "அந்த மழையைச் சும்மா அழகுக்குப் போட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள்."

இஞ்ஞாசியோ பேனாவை மூடிக்கொண்டு வந்தார். கதை நடக்கும் காலத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசாதது குறை என்றார். அது நியாயம்தான். தர்ஷினி ஒரு இடத்தில் வினைச்சொல்லைத் தவறாகச் சொன்னதையும் குறித்து வைத்திருந்தார். அதுவும் உண்மை. பிறகு சற்றுத் தயங்கி, "எங்கள் ஊரில் யாரும் வோஸ் பேசுவதில்லை. எனக்கும் அது புத்தகத்தில் படித்ததுதான்" என்றார். முடிவு என்ன என்று சொல்லவில்லை. பள்ளித் தலைமைக்கு எழுதுவதாக மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

சனி

என் விமானம் மாலையில். வழியில் பாடனில் தங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள் தர்ஷினி. பெர்னில் ஒரு ரயில் மாற்றினால் பாடன். லிம்மத் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுகளும் தொழிற்சாலைகளும் ஒன்றாக இருக்கும் ஊர். தர்ஷினியின் அப்பா அங்கே விசையாழிகள் செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று கோயில் வேலையாக வெளியே போயிருந்தார். வீட்டில் அம்மா மட்டும். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. சொதி எங்கள் ஊர் ரசத்துக்கும் குருமாவுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன்.

தர்ஷினி தொலைபேசியோடு பால்கனிக்குப் போனபோது அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, அவளுக்கு அந்த வகுப்பு கிடைச்சிட்டுதோ? என்னட்டைச் சொல்லமாட்டாள். கிடைக்காட்டி நான் கவலைப்படுவன் எண்டு."

"இன்னும் தெரியலைங்கம்மா. ஆனா நேத்து ரொம்ப நல்லா நடத்தினாங்க."

"அது எனக்குத் தெரியும். அவைக்குத் தெரிஞ்சுதோ எண்டுதான் கேக்கிறன்."

தர்ஷினி திரும்பி வந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மேசையில் உட்கார்ந்து இடியப்பத்தைப் பிய்த்தாள்.

"தந்திட்டினம்" என்றாள். "ஆவணியில இருந்து வகுப்பு என்ர. ஆனா முதல் அரையாண்டு முழுக்க இஞ்ஞாசியோ வகுப்பில வந்து இருப்பாராம். பாக்கிறதுக்கு."

அம்மா கைகூப்பினார். தர்ஷினி கூப்பவில்லை. "முழுசாத் தரேல்லையே அம்மா. காவலுக்கு ஆள் போட்டுத் தந்திருக்கினம்."

யாரும் பேசவில்லை. நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொதியைக் குடித்தேன்.  அவள் பிய்த்த இடியப்பம் தட்டில் மலையாகக் குவிந்தது. பிறகு அவளே தொலைபேசியை எடுத்து இஞ்ஞாசியோவுக்கு எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"வரட்டும் எண்டு எழுதியிருக்கிறன். ஆனா கடைசி வரிசை வாங்கில இருந்து குறிப்பு எழுத ஏலாது. பிள்ளையளோட ஒராளா இருந்து கதை வாசிக்கோணும். கேள்வி கேட்டா அவரும் கையைத் தூக்கோணும்."

"ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கொள்ளாட்டி அதுக்குப் பிறகு பாப்பம்."

பாடன் நிலையத்தில் என்னை ஏற்றிவிட வந்தாள். விமான நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயில் கிளம்பும் முன் பதில் வந்துவிட்டது. இஞ்ஞாசியோ ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'நல்லது.' அவள் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். ரயில் நகர நகரக் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

ஊரில்

ஜூன் இரண்டாம் வாரம் வகுப்பு தொடங்கியது. நோட்ஸ் எங்கே என்று முதல்வர் கேட்டார். இல்லை என்றேன். ஒரு பருவம் பொறுங்கள், பிள்ளைகளின் தாளைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். அவர் முகம் கடுத்தது. பெற்றோரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றேன். மூன்று பேர் வந்து சத்தம் போட்டார்கள். ஒருவர் பிள்ளையைப் பிரெஞ்சுக்கு மாற்றிவிடப் போவதாகச் சொல்லி, இன்று வரை மாற்றவில்லை.

ஃப்ரிபூர்க் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே வயது. அங்கே பிள்ளைகள் ஆசிரியர் பேசும்போது பின்னல் பின்னுகிறார்கள், ஆசிரியர் நிறுத்தினால் பேசுகிறார்கள். இங்கே ஆசிரியர் பேசும்போது எழுதுகிறார்கள். நிறுத்தினால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறார்கள். முதல் நாள் ஐந்து பேரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒரு சின்னக் கவிதையை வாசித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி கிறீச்சிட்டது. கீழே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். ஐந்து பேனா முனைகளும் காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே அந்தரத்தில் நின்றன. நானும் அசையவில்லை.

கடைசியில் ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி மெதுவாக எழுந்தாள். முகமெல்லாம் கவலை.

"மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். "நீ உட்காரு. பேனாவை மூடி வெச்சுட்டு, உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு."

மற்ற நால்வரும் அவளையே பார்த்தார்கள். அவள் பேனாவின் மூடியைத் தேடினாள். அது மேசைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. குனிந்து எடுத்தாள், மூடினாள், கவிதைத்தாளைத் தன் பக்கம் இழுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள். அவள் படித்து முடிக்கட்டும் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.